கார்டு வரட்டும்

கோடியாக், அலாஸ்கா
2024 மார்ச் 3

அன்புள்ள நெரிசா அக்கா,

இங்கே மூன்று பேரும் உயிரோடு இருக்கிறோம். அதில் இரண்டு பேருக்கு ஜலதோஷம். உனக்கும் உன் ரொட்டிக்கடை ரோடெலுக்கும் மாதா துணை இருக்கட்டும்.

போனில் நீ கேட்கிற எல்லாவற்றுக்கும் நான் கட்டைவிரல் படம் மட்டும் அனுப்புகிறேன் என்று கோபித்துக்கொண்டாய். "அது என்ன பேச்சு, ஊமைக்குக் கல்யாணம் பேசின மாதிரி" என்று கேட்டாய். வீடியோவில் கூப்பிட்டால் ஃப்ரிட்ஜ் கதவுக்குப் பின்னால் போய் நிற்கிறேன் என்று அம்மா வேறு போட்டுக்கொடுத்துவிட்டாள். பேச வந்தால் எனக்குச் சொல் வருவதில்லை. காகிதத்தில் அப்படி இல்லை. அதனால் எழுதுகிறேன். நீ வேலை செய்கிற மருந்துக்கடை விலாசத்துக்கே அனுப்புகிறேன். நீயும் எழுது.

கிரீன் கார்டு ஏன் இன்னும் வரவில்லை என்று கேட்டாயே, எனக்குப் புரிந்த மட்டும் சொல்கிறேன். அம்மா அமெரிக்கரான வெர்னைக் கட்டிக்கொண்டு இங்கே வந்தபோது எங்கள் இருவருக்கும் கொடுத்தது இரண்டு வருட கார்டு. கல்யாணம் நிஜம்தானா என்று பார்க்க இரண்டு வருடம் வைத்திருக்கிறார்களாம். அது போன ஜூனிலேயே காலாவதியாகிவிட்டது. அதற்கு முன்பே புதுப்பிக்க எழுதிப் போட்டாயிற்று. பதிலுக்கு ஒரு தாள் வந்தது. அந்தத் தாளைக் காட்டினால் பழைய கார்டு இன்னும் நாலு வருடத்துக்குச் செல்லும் என்று அதில் இருக்கிறது. யோசித்துப் பார் அக்கா, கார்டு இரண்டு வருடம், காத்திருப்பு நாலு வருடம்.

தாள் இருக்கிறது, ஆனால் தாளை நம்புகிற ஆள் இல்லை. மீன் ஆலையில் அம்மாவோடு நிற்கிற லுவிமின் அத்தை தன் அப்பாவின் அடக்கத்துக்கு ஊருக்குப் போனார். திரும்பும்போது மணிலாவில் விமானக் கவுண்டர் பெண், "இது என்ன, பேப்பரு? கார்டு எங்க?" என்று நிறுத்திவிட்டாள். யார் யாரையோ கேட்டு அனுப்பிவைக்க இரண்டு நாளாயிற்று. அத்தை நாற்காலியிலேயே தூங்கியிருக்கிறார். இதைக் கேட்ட அன்று மாலையே அம்மா கீழே இறக்கிவைத்திருந்த பெட்டியை மறுபடியும் அலமாரி மேல் ஏற்றிவிட்டாள். அதனால் இந்த வருடமும் நாங்கள் வரவில்லை. அம்மா போனில் உனக்கு வேறு காரணம் சொல்லியிருப்பாள்.

இங்கே எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான். கடைவாய்ப் பல் வலிக்கிறது, கார்டு வரட்டும். வெர்ன் சிக்கனம் பார்த்து வீட்டுச் சூட்டைக் குறைத்து வைக்கிறார், அம்மா இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு என்னிடம் முணுமுணுக்கிறாள்: "கார்டு வரட்டும், அப்புறம் இந்த மனுஷனை வச்சுக்கறேன்." அவரிடம் நேரே சொல்வதில்லை. சண்டை போட்டால் கார்டுக்கு ஆபத்து என்று நினைக்கிறாள். அவர் நல்லவர்தான் அக்கா. சொன்னால் உடனே சூட்டைக் கூட்டிவிடுவார். சொல்லத்தான் பயம்.

பள்ளியை விட்டதைப் பற்றி இனிக் கேட்காதே. வகுப்பின் முன்னால் நின்று பேசச் சொன்னார்கள். மணி அடிக்கும்வரை நின்றேன், ஒரு சொல் வரவில்லை. இப்போது ஆலையின் சலவை அறையில் இருக்கிறேன். ரப்பர் மேலங்கிகளைக் கழுவிக் காயப்போடுகிற வேலை. அங்கே யாரும் பேசச் சொல்வதில்லை.

போன ஞாயிறு அம்மா உன்னிடம் சொன்னதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். "விசா வரிசையில உன் நம்பர் நகர்ந்துட்டேதான் இருக்கு. கல்யாணம் கில்யாணம்னு அவசரப்பட்டுடாத. கல்யாணம் ஆச்சுன்னா வரிசையிலிருந்து பேரை எடுத்துடுவாங்க." நீ "சரிம்மா" என்றாய். அந்த "சரிம்மா" எனக்குப் பிடிக்கவில்லை. சாப்பிட்டுவிட்டாயா என்று கேட்டால் சாப்பிடாதவள் சொல்வாளே, அப்படி இருந்தது.

உன் தங்கை,
ஷைரா


பாண்டன், அன்டிகே
2024 ஏப்ரல் 14

என் வாயில்லாப் பூச்சிக்கு,

மருந்துக்கடை முதலாளி உன் கடிதத்தைத் தூக்கிப் பிடித்து, "யாரும்மா உனக்கு அமெரிக்காவுல காதலன்?" என்று எல்லார் முன்னாலும் கேட்டார். தங்கை என்றேன். நம்பவில்லை. இந்தக் காலத்தில் காதலன்கூடக் கடிதம் எழுதுவதில்லையாம், தங்கை எழுதுவாளா என்கிறார்.

இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. நீ எழுதிய குளிரைப் படித்துக்கொண்டே விசிறிக்கொண்டேன்.

ஈஸ்டருக்கு மறுநாள் ரோடெலின் அப்பா அம்மா பெண் கேட்டு வந்தார்கள். முறைப்படி எல்லாம் கொண்டுவந்தார்கள்: ஒரு பானை பன்றிக்கறி, சேமியா, ரோடெல் சுட்ட ரொட்டி இரண்டு கூடை. பெண்ணைப் பெற்றவர்கள் உட்கார வேண்டிய இடத்தில் டெலோ மாமா தனியாக உட்கார்ந்திருந்தார். அப்பா கடலோடு போய்விட்டார், அம்மா கார்டோடு போய்விட்டாள் என்று மாமா வேடிக்கையாகத்தான் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை.

நான் இன்னும் கொஞ்சம் காத்திருக்கச் சொன்னேன். ரோடெலின் அம்மா தட்டைக் கீழே வைத்துவிட்டு, "பொண்ணே, என் பையன் ரொட்டி மாதிரி. சூடா இருக்கறப்ப எடுத்துக்கணும். நாளைக்குன்னு வச்சா காஞ்சுதான் போவான்" என்றார்.

ரோடெல் என்னைத் தனியாக வெளியே கூப்பிட்டான். வாசலில் வைத்துக் கேட்டான்: "நான் கட்டிக்கப் போறது உன்னையா, உங்கம்மா கார்டையா?" அவனுடைய முதலாளி வயதாகிவிட்டது என்று அடுப்பையும் கடையையும் அவனுக்கே வாடகைக்கு விடுகிறாராம். கல்யாணம் என்றால் இங்கேயே இருந்து அதை எடுத்து நடத்துவான். இல்லையென்றால் கப்பல் சமையலறை வேலைக்கு ஆகஸ்டில் கையெழுத்துப் போடுகிறான். கப்பலில் போனவன் திரும்பி வந்து மருந்துக்கடைப் பெண்ணைத் தேடுவான் என்று நான் நம்பவில்லை.

எனக்கு அமெரிக்கா பெரிதில்லை ஷைரா. நீயும் அம்மாவும் பெரிது. அவளை நேரில் பார்த்து மூன்று வருடம் ஆகப்போகிறது. இந்த வரிசையை விட்டால் இனி அவளோடு ஒரே வீட்டில் இருக்கவே வழியில்லை. ஆனால் கடைசித் தெரு பெண் ஒருத்தி இப்படித்தான் கல்யாணம் செய்யாமல் நின்று நாற்பத்தொரு வயதில் விசா வாங்கினாள். பல் போன பிறகு கரும்பு.

உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். அம்மாவிடம் பேச்சுவாக்கில் கேள். என் நம்பர் எங்கே நிற்கிறது? உத்தேசமாக எந்த வருடம்? ஐந்து என்றால் ரோடெலிடம் கெஞ்சிப் பார்ப்பேன். பத்து என்றால் கெஞ்சமாட்டேன். நான் போனில் கேட்டால் "நகர்ந்துட்டே இருக்கு" என்கிறாள். நத்தைகூடத்தான் நகர்கிறது.

கேட்டு எழுது. கட்டைவிரல் அனுப்பினால் அதைக் கடித்துத் துப்புவேன்.

அக்கா,
நெரிசா


கோடியாக்
2024 மே 26

அன்புள்ள அக்கா,

இந்தக் கடிதத்தை உட்கார்ந்து படி. கடையில் ஆள் இருந்தால் வீட்டுக்குப் போய்ப் படி.

இந்த மாதம் குடியேற்ற ஆபீஸிலிருந்து ஒரு உறை வந்தது. அம்மா கார்டு என்று நினைத்து உறையை நெஞ்சில் வைத்துக்கொண்டு குதித்தாள். பிரித்தால், குடும்பமாக வாழ்வதற்கு இன்னும் சான்று வேண்டுமாம், முக்கியமாகப் புகைப்படங்கள். அதை எடுத்துக்கொண்டு கோயில் மண்டபத்துக்குப் போனோம். அங்கே சனிக்கிழமைதோறும் பெலாயோ அம்மாள் நம் ஊர்க்காரர்களின் மனு வேலைகளைப் பார்த்துக் கொடுப்பார். நாங்கள் கொண்டுபோன ஆல்பத்தைப் புரட்டிவிட்டு அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"எர்லிண்டா, மூணு பேரும் சேர்ந்து நிக்கிற ஃபோட்டோ ஒண்ணுகூட இல்லையே! நீயும் அவரும் இருக்கீங்க, நீயும் பொண்ணும் இருக்கீங்க. மூணு பேரா எங்க?"

"ஃபோட்டோவுல மூணு பேரா நின்னா நடுவுல இருக்கறவங்க முதல்ல செத்துப்போயிடுவாங்களே. உங்களுக்குத் தெரியாதா?"

"எனக்குத் தெரியும். ஆபீஸுக்குத் தெரியாதே!"

மூன்று வருடமாக, மூவரும் சேர்ந்திருந்த ஒவ்வொரு முறையும் அம்மா கேமராவை என் கையில் கொடுத்து எட்ட நிறுத்தினாள். நானும் முகம் காட்ட வேண்டாமே என்று சந்தோஷமாக நின்றேன். அதைப் பார்த்தவர்கள், இந்தப் பெண் வேறு வீட்டில் இருக்கிறாளோ என்று நினைத்துவிட்டார்கள். பழையதுபோல ஜோடித்து எதையும் எடுக்கக்கூடாது, இன்றைக்கு எடுத்ததை இன்றைய தேதியோடு அனுப்புங்கள், காரணத்தை நான் விளக்கி எழுதுகிறேன் என்றார் பெலாயோ அம்மாள்.

படகுத்துறையில் வைத்து எடுத்தோம். யார் நடுவில் நிற்பது என்று அம்மா தவித்தாள். என்னை ஓரத்துக்குத் தள்ளினாள், தானும் ஓரத்துக்குப் போனாள். வெர்னுக்கு விஷயம் புரிந்ததும் சிரித்தார்.

"நான் நிக்கிறேன் நடுவுல. எப்படியும் வயசுல நான்தான் முதல்ல போகணும்."

"வாயைக் கழுவுங்க! கார்டு வராம நீங்க எங்கயும் போகக்கூடாது" என்றாள் அம்மா. ஆனால் படம் எடுத்து முடித்து வீடு வரும்வரை அவருடைய சட்டைக்கையை விடவில்லை. இந்தக் கல்யாணம் நிஜமா என்று கேட்கிறவர்கள் அந்தக் கையைப் பார்த்திருக்கலாம்.

இதெல்லாம் இருக்கட்டும். நீ கேட்டதற்கு வருகிறேன்.

மண்டபத்தில் பெலாயோ அம்மாள் அம்மாவின் பிள்ளைகளைப் பற்றிக் கேட்டார். பெரியவள் ஊரில் என்றதும், "அவளுக்கு மனு போட்டு எத்தனை வருஷமாச்சு?" என்றார். அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "போடலை" என்றாள்.

"போடலையா!"

"எங்க ஃபைலே ஆடிட்டு நிக்குது. அதுல இன்னொண்ணைக் கொண்டுபோய் வச்சா, யாரு இவ, எத்தனை பேரைக் கூட்டிட்டு வருவான்னு கையில இருக்கறதையும் பிடுங்கிடுவாங்களோன்னு பயமா இருந்தது."

"அய்யோ, அது வேற, இது வேற! வந்த மாசமே போட்டிருக்கலாமே எர்லிண்டா!"

உன் நம்பர் பின்னால் நிற்கவில்லை அக்கா. உனக்கு நம்பரே இல்லை. இன்றைக்குப் போட்டால்கூடப் பத்து வருடத்துக்கு மேல் என்றார் பெலாயோ அம்மாள்.

வழியில் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்காகிட்ட சொல்லிடாத. கார்டு வந்த மறுநாளே போட்டுடுவேன். வரிசையில நிக்கறோம்னு நினைச்சா அவளுக்குத் தெம்பா இருக்கும்." நான் தலையாட்டினேன். நான் தலையாட்டினால் அது சத்தியம் என்று அம்மா நம்புகிறாள்.

அவளைத் திட்டாதே அக்கா. அவள் உன்னை ஏமாற்ற நினைக்கவில்லை, பயந்துவிட்டாள். ஆனால் ரோடெல் ஆகஸ்டில் கையெழுத்துப் போடுகிறான் என்று நீ எழுதியிருக்கிறாய். அதைத் தெரிந்துகொண்டு நான் எப்படிச் சும்மா இருப்பேன்?

உன்
ஷைரா


பாண்டன்
2024 ஜூலை 9

ஷைராவுக்கு,

போன சனிக்கிழமை காலை எனக்கும் ரோடெலுக்கும் நம் கோயிலில் கல்யாணம் முடிந்தது.

அம்மாவை நான் திட்டப்போவதில்லை. திட்டினால் அழுவாள். அழுதால் நான் மன்னிக்க வேண்டியிருக்கும். இப்போதைக்கு எனக்கு அதற்கு மனசில்லை.

அவளிடம் நீ எதுவும் சொல்லக்கூடாது. ஒவ்வொரு ஞாயிறும் அவள் நம்பர் நகர்கிறது என்று சொல்லட்டும், நான் சரிம்மா என்று சொல்கிறேன். இத்தனை நாள் அவள் எனக்குச் செய்ததுதானே. எனக்கும் அவளுக்கும் நடுவில் நீ வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். அது உனக்கு நன்றாகவே வரும்.

கடையை எடுத்தாயிற்று. விடியற்காலையில் மாவு பிசைகிறேன். கை வலிக்கிறது.

நெரிசா


கோடியாக்
2024 ஆகஸ்ட் 25

அன்புள்ள அக்கா,

உனக்கும் ரோடெல் அத்தானுக்கும் என் வாழ்த்துகள். நீ எழுதிய கடைசி வரியை மட்டும்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். கை வலிக்கு அம்மா வெந்நீரில் உப்புப் போட்டுக் கையை அதில் வைத்துக்கொள்வாள். அவள் சொன்னதாகச் சொல்லமாட்டேன், நான் சொன்னதாக வைத்துக்கொள்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் இதே கதைதான். போனை மேசையில் ஒலிபெருக்கியில் வைத்து அம்மா பேசுகிறாள். "பொறுத்துக்கோ கண்ணு, இன்னும் கொஞ்ச நாள்தான்" என்று அவள் சொல்கிறாள். அது பொய் என்று நமக்குத் தெரியும். "பொறுத்துக்கறேம்மா, எனக்கென்ன அவசரம்" என்று நீ சொல்கிறாய். அது பொய் என்று எனக்கு மட்டும் தெரியும். உனக்குப் பின்னால் தட்டு அடுக்குகிற சத்தம் கேட்கிறது. "யாரது?" என்று அம்மா கேட்டாள். "பூனை" என்றாய். அத்தான் அப்போது இருமினார். இந்தப் பூனை இருமுமா என்று அம்மா கேட்கவில்லை. நான் எழுந்து குழாயைத் திறந்துவிட்டேன்.

படங்களை அனுப்பி மூன்று மாதம் ஆகப்போகிறது. கார்டு வரவில்லை. தபால்காரர் எங்கள் வீட்டுக்கு வரும்போதே தலையாட்டிக்கொண்டு வருகிறார். வெர்னின் தம்பி சியாட்டிலில் நல்ல வேலை இருக்கிறது, குடும்பத்தோடு வா என்று கூப்பிடுகிறார். விலாசம் மாறினால் ஃபைல் எங்காவது தொலைந்துவிடும் என்று அம்மா மறுத்துவிட்டாள். இந்தத் தீவில் நாங்கள் மூன்று பேரும் ஒரு உறைக்காக உட்கார்ந்திருக்கிறோம். என்னால் இனி முடியவில்லை அக்கா. நீயே அவளிடம் சொல்லிவிடேன். அழட்டும். அழுது முடித்தால் சாப்பிடுவாள்.

பதில் எழுது. நான் காத்திருக்கிறேன்.

ஷைரா


கோடியாக்
2024 நவம்பர் 3

அன்புள்ள அக்கா,

ஆகஸ்டில் எழுதியதற்கு நீ பதில் எழுதவில்லை. ஆனாலும் இதை நீ என்னிடமிருந்துதான் தெரிந்துகொள்ள வேண்டும். நான் அம்மாவிடம் சொல்லிவிட்டேன்.

சொல்ல வேண்டும் என்று போகவில்லை. நேற்றுக் காலை அம்மா திடீரென்று நல்ல ஆடை உடுத்திக்கொண்டு, உதட்டுக்குச் சாயம் பூசி, "வா, கோயில் மண்டபத்துக்குப் போறோம்" என்றாள். எதற்கு என்று கேட்டேன். "அக்காவுக்கு மனு போடப்போறேன். கார்டு வர்றப்போ வரட்டும்."

காலணியை மாட்டுகிற சாக்கில் குனிந்துகொண்டேன். அவளே சொன்னாள்: "இப்பல்லாம் அவ குரல்ல ஒரு சந்தோஷம் இருக்கு, கவனிச்சியா? முன்ன மாதிரி இழுத்து இழுத்துப் பேசறதில்ல. பாவம், என்னை நம்பிட்டுச் சிரிச்சுட்டு நிக்கறா. இனியும் நான் பயந்துட்டிருந்தா நான் ஒரு தாயா?"

உன் சந்தோஷத்தைக் கேட்டுத்தான் அக்கா அவளுக்குத் தைரியம் வந்தது.

பெலாயோ அம்மாள் கம்ப்யூட்டரில் ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டு நிரப்பினார். முதலிலேயே சொன்னார், "எல்லாம் உண்மையா இருக்கணும் எர்லிண்டா. இதுல ஒண்ணு தப்பா இருந்தாலும் உன் சொந்த ஃபைல்லயும் கேள்வி வரும்." பெயர், பிறந்த தேதி, ஊர். பிறகு, "கல்யாணம் ஆகலை, இல்லையா?"

அம்மா சிரித்தாள். "அவளா? நான் கோடு போட்டா அதைத் தாண்டமாட்டா."

"ஆயிடுச்சு" என்றேன்.

யாருக்கும் கேட்கவில்லை. பெலாயோ அம்மாள் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். பள்ளியில் நின்றேனே, அதேபோல் நின்றேன். அம்மா கைப்பையிலிருந்து பேனாவை எடுத்து மூடியைக் கழற்றுவதைப் பார்த்தேன். நீ சொல்லாதே என்றது ஞாபகம் வந்தது. அவள் கையெழுத்துப் போட்ட பிறகு நான் வாழ்நாள் முழுக்கச் சொல்லாமல் இருக்க வேண்டும் என்பதும் தோன்றியது.

"அக்காவுக்குக் கல்யாணம் ஆயிடுச்சு!"

கத்திவிட்டேன் போலிருக்கிறது. மண்டபத்தின் அந்தக் கோடியில் பாட்டுப் பழகிக்கொண்டிருந்த பிள்ளைகள் நிறுத்திவிட்டுத் திரும்பினார்கள்.

"எப்போ?" என்றாள் அம்மா.

"ஜூலையில."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"நீ மனுவே போடலைன்னு நான்தான் அவளுக்கு எழுதினேன்."

அவள் என்னை அடிக்கவில்லை. பேனாவை மூடிப் பையில் வைத்தாள். பெலாயோ அம்மாள் திரையில் இருந்ததை அழித்துவிட்டு மெதுவாகச் சொன்னார், "கல்யாணம் ஆனவளுக்கு நீ குடியுரிமை வாங்கின பிறகுதான் போட முடியும். முதல்ல உன் கார்டு வரட்டும்." அந்தச் சொல்லை வேறு ஒருவர் வாயால் கேட்டதும் அம்மாவின் முகம் சுருங்கிப்போயிற்று.

வெளியே மழை. வெர்ன் வண்டியில் காத்திருந்தார். "எல்லாம் முடிஞ்சுதா?" என்று கேட்டார்.

"என் பெரிய பொண்ணுக்குக் கல்யாணம் ஆயிடுச்சு" என்றாள் அம்மா.

அவருக்கு ஒன்றும் தெரியாதே. முகமெல்லாம் சிரிப்பாக, "அட, வாழ்த்துகள்!" என்று அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார். அம்மா "நன்றி" என்றாள். அக்கா, அந்த "நன்றி"யை நீ கேட்டிருக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா ஈரக் கோட்டைக் கழற்றி மாட்டினாள். சூட்டு அளவைப் பார்த்தாள், வெர்னைக் கூப்பிட்டு, "எனக்குக் குளிருது. கூட்டி வைங்க" என்றாள். அவர் உடனே கூட்டி வைத்தார். இந்த வீட்டுக்கு வந்து இதுவரை அவள் அவரிடம் அதைக் கேட்டதில்லை.

இன்றைக்கு ஞாயிறு. அம்மா போனை எடுக்கவில்லை. நான்தான் கேட்டுக்கொண்டேன், என் கடிதம் அக்காவுக்குப் போய்ச் சேரட்டும், அதற்குப் பிறகு பேசு என்று. சரி என்றாள். சேர மூன்று வாரமாவது ஆகும். அதுவரை அவள் உன் குரலைக் கேட்காமல் இருப்பாள். கிடைத்ததும் நீ கூப்பிடுவாயா, மாட்டாயா என்பது உன் இஷ்டம். நீ என்னை நம்பிச் சொன்னதை நான் காப்பாற்றவில்லை. எனக்கு எழுதவே வேண்டாம் என்று தோன்றினால் எழுதாதே. அதை நான் புரிந்துகொள்வேன். அவளிடம் மட்டும் பேசு.

சற்றுமுன் அரிசி கழுவிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். கைகளைத் தண்ணீரிலேயே வைத்துக்கொண்டு, திரும்பாமல் கேட்டாள்:

"கோயிலுக்குள்ள அவ கூட நடந்தது யாரு? உங்கப்பா இல்ல. நானும் இல்ல. ரெண்டு பக்கமும் காலியா வச்சுக்கிட்டா நடந்தா?"

எனக்குத் தெரியவில்லை என்றேன். நீ அதை எழுதவில்லையே.

யார் அக்கா நடந்தது?

ஷைரா